சம்பந்தியோடு ஒன்பது கூடைகள்

மார்ச் 3, ஞாயிறு
பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் திடல் திறந்திருக்கிறார்கள். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. மொத்தம் ஒன்பது. 'புதியவர்களுக்கு எளிது' என்று பலகை வேறு. எழுதியவர் என்னைப் பார்த்ததில்லை.

சம்பந்திதான் இழுத்துப் போனார். மகளின் மாமனார், லிஃப்ட் மெக்கானிக். என் முதல் தட்டு பின்பக்கமாகப் பறந்து, தூங்கிக்கொண்டிருந்த நாயை எழுப்பியது.

"சம்பந்தி, கூடை அந்தப் பக்கம்."

கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கே பார்வை சரிபார்க்கிறவன் நான்.

மார்ச் 10
ஒரு தட்டு மரத்தில், ஒன்று குளத்தில். தோள்பட்டை கழன்றுவிட்டது. மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள். அடுத்த ஞாயிறும் போவேன்.

ஏப்ரல் 21
கூடையில் விழுந்துவிட்டது! ஒரே வீச்சில்! (மரத்தில் பட்டுத் திரும்பி விழுந்தது. சம்பந்தி வெளியே சொல்லமாட்டார்.)

ஜூன் 6
மகள் பெட்டியோடு வந்து நிற்கிறாள். பிரிகிறார்களாம். சண்டை, அடி எதுவும் இல்லை. "ஒத்துவரலப்பா." அவ்வளவுதான். மாசக்கணக்கா பேசிப் பேசி எடுத்த முடிவாம். அப்பன்காரனுக்கு ஒண்ணும் தெரியல. எப்படித் தெரியும்? அவன் தட்டு வீசிட்டு இருந்தான்.

ஜூன் 9, ஞாயிறு
போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அவர் பையன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. கோபப்படக்கூடத் துப்பில்லையா எனக்கு?

ஜூலை 14
காய்கறிக் கடையில் அவர். சட்டென்று முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஐம்பத்தெட்டு வயசு! மெல்ல எட்டிப் பார்த்தால், அவர் வெங்காய மூட்டைக்குப் பின்னால் குனிந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 2
சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை ஏம்ப்பா இப்பல்லாம் போறதில்ல?"

"எப்படிம்மா போறது? உனக்கு..."

"பிரிஞ்சது நானும் அவரும். உங்க ரெண்டு பேரையும் யாரு பிரியச் சொன்னா?"

கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். குழாயை ரொம்ப நேரம் திறந்து வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
போனேன். அவர் தனியாக வீசிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்..." பாதியில் விழுங்கிக்கொண்டார். நானும் தலையாட்டி வைத்தேன். இனிமேல் என்னவென்று கூப்பிடுவது?

நல்லவேளை, ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு: கூடைக்குத் தூரத்தில் நிற்கிறவர் முதலில் வீச வேண்டும். அது எப்போதும் நான்தான் என்பதால் பேச வேண்டிய தேவையே வரவில்லை. நான்காவது கூடையில் அவரே கேட்டார்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"தேவலை. உங்க பையன்?"

"சமைக்கப் பழகறான். பாத்திரமெல்லாம் தீஞ்சு போச்சு."

ஒன்பதையும் முடித்தோம். எனக்குப் படுதோல்வி.

ஆகஸ்ட் 18
புதிதாக ஆட வந்த ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினேன். அவர்தான் தட்டைத் துடைத்தபடியே பதில் சொன்னார்: "ஃப்ரெண்டுங்க. ஆனா ஆட்டத்தை மட்டும் இவர்கிட்ட கத்துக்காதீங்க."