வெறும் தண்ணீர் என்று எழுதினேன்

அண்ணே,

பழைய பையைக் கொட்டியபோது அந்தத் திட்ட வரைபடம் விழுந்தது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தருகே நீங்கள் ஈரவிரலால் தொட்ட இடத்தில் மை கலைந்திருக்கிறது. இறால் வாடை இன்னும் போகவில்லை.

ஹைட்ரஜன் ஆலை வரப்போகிறது என்று லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் அதை விரித்துக் காட்டியவன் நான்தான். சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் வாயு, எரித்தால் புகை வராது என்றேன். நீங்கள் வலைக் கிழிசலைக் கோத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"நல்லதுதான் பேப்பர்காரரே. என் எஞ்சினும் டீசல் குடிக்காம ஓடட்டும். தண்ணி எங்கேர்ந்து எடுப்பாங்க?"

"கடல்லேர்ந்து. உப்பைப் பிரிச்சிட்டு."

"பிரிச்ச உப்பை இன்னா பண்ணுவாங்க, ஊறுகா போடுவாங்களா?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உப்புநீரை வெளியேற்றும் குழாய் வரைபடத்தில் முடிந்த இடம், இறால் ஏரிக்குள் நுழையும் வழி.

மறுநாள் அங்கே போனேன். காலை முழுக்க ஒரு படகு இல்லை. 'வலை இறங்காத வெறும் தண்ணீர்' என்று பேப்பரில் எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கம்பெனிக்காரர் அந்த வரியை உரக்கப் படித்தார். அதிகாரி குறிப்பெழுதக் குனிந்தார். அது பதிவானால் காகிதத்தில் அந்த இடம் உங்களுடையதல்ல. "யார் பக்கம்யா நீ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நீங்கள் என் காதருகே வந்தீர்கள். "அன்னிக்குப் பக்கத்து ஊர் பாடு. அவங்க ஊர்ல சாவு, வரலை. அவங்க முறையில நாங்க எறங்குவோமா?"

ஊருக்கு ஊர் முறைவைத்து வலை இறக்குவதுதான் பாடு. எனக்குத் தெரியாததில்லை.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. நாங்க சொன்னா தகராறுன்னு எழுதுவாங்க."

மைக்குக்குப் போனேன். "நான் எழுதியது தவறு" என்று தொடங்கி, பாடு முறையைச் சொல்லி முடித்தேன். அதிகாரி எழுதியதை அடித்தார். குழாயின் இடத்தை மறுபடி ஆராய வேண்டும் என்று குறித்தார். அடித்த கோட்டை எட்டிப் பார்த்த பிறகுதான் நீங்கள் உட்கார்ந்தீர்கள்.

இடம் இன்னும் முடிவாகவில்லை. புகையில்லாத எரிபொருள் வேண்டும் என்றுதான் இப்போதும் எழுதுகிறேன்.

உங்களை அடக்கம் செய்த நாள் உங்கள் ஊர் பாடு. முகத்துவாரத்தில் ஒரு படகு இல்லை. பக்கத்து ஊர்ப் படகுகள் கரையிலேயே கிடந்தன. இப்போதெல்லாம் ஆளில்லாத தண்ணீரைப் பார்த்தால், இன்று யார் பாடு என்று கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை.