ஒரு விரலுக்கு ஒரு சத்தம்

பலேர்மோ
12.06.1996

அன்புள்ள மகன் அல்பேட்டுக்கு,

மடு மாதாவின் துணையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், லண்டனில் உன் உடம்பும் கையும் தேறி வரவேண்டும் என்று காலையும் மாலையும் அவவிடம் கேட்டபடி இருக்கிறோம். இது நான் என் கையால் எழுதுகிற கடிதம், முந்தி மாதிரி கசெற்றில் பேசி அனுப்பவில்லை. பேசினால் எனக்குக் கோபம் வந்து சத்தம் ஏறிவிடும், எழுதும்போது ஒரு எழுத்தை யோசித்து முடிக்கிறதுக்குள் கோபம் ஆறிவிடுகிறது. பங்குக் கோயிலில் செலஸ்ரீனா ரீச்சர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறா, கடைசி வாங்கில் நானும் இருந்து படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒ எது ஓ எது என்பதில் மட்டும் இன்னும் கொஞ்சம் குழப்பம், பிழை கண்டால் சிரி, நீ சிரித்துக் கேட்டு நாளாகிவிட்டது.

அம்மா வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோரா கோடைக்குப் பகேரியாவில் உள்ள பழைய வீட்டுக்குப் போய்விட்டா, அம்மாவும் காலையில் ரயிலில் போய்ப் பின்னேரம் வருகிறா, முழங்கால் நோ இருந்தாலும் அந்தக் காற்று நல்லது என்கிறா. இங்கே தங்குகிறதுக்கான என் பெர்மெசோவைப் புதுப்பித்துத் தந்துவிட்டார்கள், குவெஸ்தூராவில் பெருவிரலை நீட்டாமல் பேனையைக் கேட்டு வாங்கி என் பெயரை எழுதினேன், அங்கே இருந்த பொலிஸ்காரப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் எழுதி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேக்கரி மெசினில் அகப்பட்ட வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று டொக்டர் சொன்னதையும், கீபோட்டை விற்கப்போகிறாய், வாங்குகிற ஆள் ஆனி மாதக் கடைசியில் வருகிறான் என்பதையும் நீ போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அம்மா குசினிக்குள் போய் அழுதா. எனக்கு உடனே ஞாபகம் வந்தது நீ இங்கே விட்டுப்போன கசெற்தான், நீ வேலை செய்த வீட்டு மகன் உனக்குத் தந்தானே, இங்கிலாந்துப் பெடியள் மூன்று பேர் கீபோட் மெசினில் அடித்த பாட்டு, அது. நீ போன பிறகு ஒருநாள் எழுத்துத் தெரியாத நான் அதைச் செபமாலைக் கசெற் என்று நினைத்துப் போட்டுவிட்டு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். தகரத்தில் மழைத்துளி விழுகிற மாதிரி டிக் டிக் என்று தொடங்கியது, அருள்நிறை மரியே இப்போது வரும் இனி வரும் என்று பார்த்தேன், வரவில்லை, எழும்பி நிறுத்தவும் மனம் வரவில்லை, முழங்காலில் நின்றபடியே ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன். அம்மா வந்து, குசினிப் பிறிஜ் பாட வெளிக்கிட்டால் இப்படித்தான் பாடும் என்றா. அன்றிலிருந்து உடுப்பு அயன் பண்ணும்போதெல்லாம் அதுதான் எனக்குத் துணை. சொல் ஒன்றும் விளங்காது, ஆனால் ஒரு சத்தம் வரும்போது மற்றது இடம் விட்டு நிற்கிறது, அது முடியத்தான் அடுத்தது வருகிறது, எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருநாளும் நடக்காத மரியாதை அது. இதை நான் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார். “அப்பா, அந்தக் காலத்து மெசினிலை ஒரு நேரத்துக்கு ஒரு சத்தம்தான் வரும், பத்து விரலாலை அமத்தினாலும் ஒண்டுதான் கேக்கும்” என்று சொன்னாய். சொன்னது நீ, நான் இல்லை.

நீ போனை வைத்த அந்தக் கிழமை பங்கில் ஒரு பிரச்சினை. கீபோட் வாசித்த பிள்ளை கனடாவுக்குப் போய்விட்டது, ஆவணியில் மடு மாதா திருநாள் வருகிறது, பாட்டுக்குப் பின்னால் கசெற் போட்டுச் சமாளிப்போம் என்று செலஸ்ரீனா ரீச்சர் சொன்னா. நான் எழும்பி, கசெற் வேண்டாம், நாங்கள் வாசிப்போம் என்றேன். ஆர் நாங்கள் என்று கேட்டா. அது எனக்கும் அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். மேல் வீட்டுத் தவராசாவிடம் அவன் வேலை செய்கிற வீட்டில் எறியக் கிடந்த சின்னக் கீபோட் ஒன்று இருந்தது, கபோ சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் பேரம் பேசி நான் ஒன்று வாங்கினேன், பங்கில் உள்ளது மூன்றாவது. கசெற் மட்டையில் அந்தப் பெடியள் பவுடர் பூசின முகத்தோடு அயன் பண்ணுகிற பலகைக்குப் பின்னால் நிற்கிற மாதிரித்தான் நிற்கிறார்கள், நாங்களும் கீபோட்டுகளை எங்கள் அயன் பலகைகளிலேயே வைத்துவிட்டோம், உயரம் அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கட்டைகளில் நான் அ ஆ இ ஈ என்று எழுதி ஒட்டினேன். தவராசா சைவப் பெடியன், இதுக்கு ச ரி க ம என்று ஒன்று இருக்குது அண்ணை என்று நெற்றியில் அடித்துக்கொண்டான், எனக்குத் தெரிந்த வரிசை இதுதான் என்று சொல்லிவிட்டேன். முதல் கிழமை முழுக்க ஒரே இடத்தில் பிழை வந்தது, கடைசியில் பார்த்தால் ஒவுக்கும் ஓவுக்கும் நான் ஒரே எழுத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். மாதா காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறா என்று அம்மா சொன்னா. இப்போது நான் பாட்டை வாசிக்கிறேன், தவராசா அதுக்கு மறுமொழி வாசிக்கிறான், அம்மா அடியில் தும் தும் என்று ஒரே கட்டையை அமத்துகிறா, இடியப்பம் பிழிகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறா. ஆளுக்கு ஒரு விரல். முருகன் கேட்டால் உங்கட வீட்டிலை உடுப்பு அயன் பண்ணினனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை என்று தவராசா தினமும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவான். செலஸ்ரீனா ரீச்சர் கேட்க வந்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தா, பிறகு பென்சிலை எடுத்து முழுப் பாட்டையும் எங்கள் அ ஆவிலேயே எழுதித் தந்துவிட்டுப் போனா.

ஒரு குறை இருக்கிறது. பாடுகிறவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு வரி தனியாக வாசிக்கவேண்டும், அது எங்கள் மூன்று பேரின் கைக்கும் அடங்கவில்லை. அதை விட்டுவிட்டுப் போவோம் என்று ரீச்சர் சொன்னா, நான் விடவில்லை, அது மகனுடைய இடம் என்றேன். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்தால் அம்மாவின் தும் தும் மட்டும் கேட்கும், நானும் தவராசாவும் விரலை எடுத்துவிட்டு நிற்போம். தம்பி வராட்டி அந்த இடத்திலை நான் அரோகரா சொல்லிப்போடுவன் என்று தவராசா வெருட்டுகிறான், அவன் செய்யக்கூடிய ஆள்.

மகனே, நான் பொய் ஆறுதல் எழுத மாட்டேன். கலியாண வீடுகளில் இரண்டு கையும் ஓட ஓட நீ வாசித்த வாசிப்பு இனி இல்லை, எனக்கும் அது கவலைதான், அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சுட்டுவிரல் நல்லாயிருக்கிறது என்று நீயே சொன்னாய். அந்தப் பெடியள் ஆளுக்கு ஒரு விரலால் ஒரு கசெற் முழுக்க நிரப்பியிருக்கிறார்கள், உனக்கு ஒரு வரிதான் கேட்கிறேன். கீபோட்டை விற்க நான் சம்மதிக்கவில்லை, வாங்க வருகிறவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடு. உன் பயணப் புத்தகமும் வந்துவிட்டது, வேலையும் இப்போது இல்லை, ஆவணிக்கு வராமல் இருக்க நீ சொல்லக்கூடிய காரணம் எல்லாவற்றையும் நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நிற்காது.

குளிர் இல்லை என்று கையை மூடாமல் திரியாதே, எண்ணெய் பூசு, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் தலையிலும் அந்தக் கையிலும் தன் கையை வைத்துக் காப்பாற்றட்டும், அம்மாவின் முத்தங்களும் என் ஆசீரும் உனக்கு. மறுமொழி எழுதவேண்டாம், ரிக்கற் எடுத்துவிட்டு நாளைச் சொல்லிப் போன் எடு. கீபோட்டைக் கையோடு கொண்டுவா. லண்டன் பிளக் இங்கத்தைச் சுவரில் போகாதாம், அதுக்கு மாற்றுப் பிளக் ஒன்று வாங்க மறவாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா
சூ. கிறிகோரி