நான் சொன்ன பாதிச் சம்பளம்

அன்புள்ள கமாவுக்கு,

பூட்டு எழுதிக்கொள்வது. அங்கே எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. போன் இருக்கும்போது இவன் எதற்குத் தாளில் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் நீ "சொல்லுடா" என்றால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். தாள் திருப்பிக் கேட்காது.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மச்சினன் வீட்டு மாடி அறையில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளுமாக நாலு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதையும், தங்கச்சி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதையும் எழுதிவிட்டு, கடைசியில், "உங்க கம்பெனியில ஏதாவது இருந்தா சொல்லுடா, எவ்வளவு குடுத்தாலும் வந்துடறேன்" என்று கேட்டிருந்தாய்.

எவ்வளவு கொடுத்தாலுமா? நீயா? நம் ஆபீசில் டேட்டாபேஸ் பிரிவையே மூடி நம்மை வெளியே அனுப்பிய அன்று, டீக்கடை வாசலில் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பழைய சம்பளத்துக்குக் கீழ யாரும் கேக்கக் கூடாதுடா. ஒருத்தன் இறங்கினா எல்லாரையும் இறக்கிடுவாங்க" என்றாய். முதலில் தலையாட்டியவன் நான்.

இந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை தாளைக் கிழித்துவிடாதே.

இண்டர்வியூவில் மேனேஜர் ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் ஓடி முடிக்க நாற்பது நிமிடம் எடுக்கும் ரிப்போர்ட். அதைச் சீக்கிரம் ஓடும்படி சரிசெய்து கொடுத்தேன். அவருக்குத் திருப்திதான். "போன வாரம் ஒருத்தர் இதையே இப்படிப் பண்ணினார், பாருங்க" என்று தன் திரையை என் பக்கம் திருப்பினார். அந்தப் புரோகிராமில் ஒவ்வொரு வரியும் கமாவில் தொடங்கியிருந்தது. நம் ஆபீசே கமாவை வரியின் கடைசியில் வைத்தபோது, "முன்னாடி வெச்சா ஒரு வரியை எடுத்தாலும் மத்தது உடையாது" என்று நீ ஆறு மாதம் வாதாடி, கடைசியில் அதுவே உனக்குப் பேராக நிலைத்ததே. டேட்டாபேஸில் ஒரு டேபிளைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய் ஆபீஸ் முழுவதையும் ஒரு மணி நேரம் நிற்க வைத்த எனக்கு நீ பூட்டு என்று பேர் வைத்த மாதிரி. அந்த வரிகளை உன் கையெழுத்தைப் போல எனக்குத் தெரியும்.

"நல்ல ஆள். ஆனா சம்பளத்துல ஒரு படிகூட இறங்க மாட்டேங்கறார். நீங்க எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டார். நீ கேட்டதையே நானும் கேட்டிருக்கலாம். அதில் பாதியைச் சொன்னேன். அது நீதான் என்று தெரிந்தே சொன்னேன்.

வேலை இல்லாமல் பத்து மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவள், "என்ன ஆச்சு" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் திரும்பி வரும்போது என் ஷூவை மட்டும் பார்ப்பாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உனக்கும் அதே பத்து மாதம்தான்.

பத்து நாள் கழித்து நீ போன் செய்து, "அந்த எடத்துக்கு எவனோ அடிமாட்டு விலைக்கு வந்துட்டானாம்டா" என்றாய். நான் கூச்சமே இல்லாமல், "அடப்பாவி, யாருடா அவன்?" என்று கேட்டேன். வேலை கிடைத்துவிட்டது என்று பிறகு உன்னிடம் சொன்னபோது வேறு ஒரு கம்பெனி பேரைச் சொன்னேன். உன் கையில் காசு இல்லாத அந்த நேரத்திலும் நீ சந்தோஷப்பட்டு எனக்கு ஒரு பேனா வாங்கி அனுப்பினாய். அது இழுப்பறையில் கிடக்கிறது. இதை மகளின் பேனாவில் எழுதுகிறேன்.

போன மாதம் மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்தபோது இன்னொன்றும் சொன்னார். நீ கேட்ட சம்பளத்துக்கு நிர்வாகம் ஒப்புக்கொண்டு, உன் வேலைக் கடிதம் தயாராகிக் கையெழுத்துக்குக் காத்திருந்ததாம். "நீங்க மட்டும் அன்னைக்கு வரலைன்னா அவருக்குக் குடுத்திருப்போம்" என்று என்னைப் பாராட்டுவது போலச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், கமா. அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பக்கத்து இருக்கையில் ஒரு அக்கா இருக்கிறார், பதினாலு வருட அனுபவம். இந்த முறை சம்பள உயர்வு கேட்டதற்கு, "இருபது வருஷக்காரரே இவ்வளவுக்குத்தான் வந்திருக்கார்" என்று பேர் சொல்லாமல் என் சம்பளத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்தக் கணக்கு என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. மதியம் என் டப்பாவில் தன் சாப்பாட்டில் ஒரு பங்கு வைக்கிறார். தலை நிமிராமல் சாப்பிடுகிறேன்.

இப்போது வேலை கூடிவிட்டது. இன்னொரு ஆள் வேண்டுமாம். "உங்க ரேட்டுக்கே யாராவது கிடைப்பாங்களா?" என்று மேனேஜர் கேட்டார். அன்று சாயங்காலம்தான் உன் செய்தி வந்தது.

நேற்று அவர் அறைக்குப் போனேன். அந்த வரிகளை எழுதியவன் என் நண்பன், அது தெரிந்தும் நான் பாதி சொன்னேன், அது என் பயத்துக்கு நான் போட்ட விலை, வேலைக்கு உரிய விலை இல்லை என்று சொன்னேன். அவர், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் நம்பரைக் கேட்டார். ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. என் சம்பளத்தைப் பற்றியும் அந்த அக்காவைப் பற்றியும் பேச எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

திங்கட்கிழமை காலையில் உன்னைக் கூப்பிடுவார். இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்பார். 'எவ்வளவு கொடுத்தாலும்' என்று சொல்லிவிடாதே. டீக்கடையில் சொன்னதைச் சொல். நீ குறைத்துச் சொன்னால், உன்னிடமிருந்து இரண்டாவது தடவையும் நான் பிடுங்கிக்கொண்டதாகத்தான் ஆகும். அவர்கள் மறுத்துவிட்டால் அந்தப் பழியும் என் தலையில்தான். தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவள் என்ன திட்டினாலும் தகும்.

நீ வந்தால் ஜன்னல் ஓரத்து மேசை காலியாக இருக்கிறது, என் மேசையிலிருந்து தள்ளித்தான். என்னோடு பேச வேண்டாம். டீ குடிக்கக் கூப்பிட வேண்டாம். வேலைக்கு வந்து, வரிக்கு முன்னால் உன் கமாவை வைத்து எழுது. நான் படித்துக்கொள்கிறேன்.

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சீக்கிரம் சொந்த வீட்டுச் சாவியோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பூட்டு