அம்மன் கொடையில் அணைந்த விளக்கு

பிரியமுள்ள அத்தான்,

உங்கள் மிக் இருபத்தொன்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். விமானப்படையில் இளமை முழுக்க எண்ணெய்க் கையோடு நீங்கள் பழுது பார்த்த அதே விமானத்துக்குத்தான். செப்டம்பரில் சண்டிகரில் தண்ணீர் பீய்ச்சி வழியனுப்பியதை டிவியில் பார்த்து அக்கா அழுதாள். "அத்தான் போனப்பகூட இவ்வளவு அழலியேக்கா" என்று கிண்டல் செய்தேன். கரண்டி பறந்து வந்தது.

நீங்கள் இல்லாத முதல் வருஷம் இது. வானத்துக்கு என்ன கேடு பிடித்ததோ தெரியவில்லை. மே மாதம் எல்லையில் சண்டை மூண்டு வடக்கே விமான நிலையங்களை மூடினார்கள். ஜூனில் அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய விமானம், ஏறிய சூட்டோடு மருத்துவ மாணவர் விடுதிமேல் விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒரே ஒருவர் பிழைத்தார். நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் விழுந்து விமானி இறந்துபோனார்.

ஒவ்வொரு சேதிக்கும் மும்பையில் நம் காட்கோபர் மேட்டில் உள்ள அத்தனை பேரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "பேச்சி எங்கம்மா இருக்கா?" உங்கள் மகள் கோ-பைலட் ஆகிவிட்டாளே, சும்மா விடுவார்களா? அக்கா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் போனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

அகமதாபாத் நடந்து கொஞ்ச நாளில் பேச்சி என் மைக்செட் கடைக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, அம்மைட்ட சொல்லாதிய. நேத்து மும்பைல எறங்கும்போது எவனோ மொட்டமாடிலேர்ந்து லேசர் அடிச்சிட்டான். காக்பிட் பூரா பச்சை. எனக்கு ரன்வே தெரியல மாமா. கேப்டன் குனிஞ்சிருந்தாரு, அதான் தப்பிச்சோம். அவருதான் எறக்குனாரு."

இதை யாரிடம் சொல்ல? உங்களிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அந்தக் கலக்கம் தெளியும் முன்பே நம் அம்மன் கோயில் திருவிழா, ஆடிக் கொடை வந்தது. கோயில் கமிட்டி செயலாளர் இசக்கிமுத்துவைத் தெரியுமே, எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இந்த வருஷம் குர்லாவிலிருந்து லேசர் விளக்கு வாடகைக்கு எடுத்து வந்து, கோயில் கூரையில் வானத்தைப் பார்க்க வைத்துவிட்டான். சக்கரம் தெரியும் அளவுக்கு விமானங்கள் தாழ்ந்து போகிற இடம் நம் மேடு. இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா?

"வேண்டாம்டே, பைலட் கண்ணுல அடிக்கும்" என்றேன்.

"காலி பீலி சும்மா டென்ஷன் ஆவாதிய அண்ணாச்சி. மேல யாரு இருக்கா? வெறும் ஆகாசம்தான?"

அவன் சட்டையைப் பிடித்து, மேலே யார் இருக்கிறாள் என்று சொல்ல வாய் துடித்தது. பக்கத்திலேயே அக்கா மாவிளக்குத் தட்டோடு நின்றாள். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போய்விட்டேன்.

தீபாராதனை நேரம். மேளம் உச்சத்தில் இருந்தது, சாமியாடி அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தார். பச்சைக் கோடு கூரையிலிருந்து கிளம்பி வானத்தைத் துழாவியது. கிழக்கே, விமானத்தின் முன்விளக்கு தெரிந்தது. நம்மைப் பார்த்து நேராக இறங்கி வந்தது. கோயிலுக்கும் லேசருக்கும் கரண்ட் கொடுத்த ஜெனரேட்டர் என்னுடையது, அத்தான். போய் நிறுத்திவிட்டேன்.

அம்மன் முகம் இருட்டில் போய்விட்டது. மேளம் நின்றது, சாமியாடி நடுவிலேயே நின்றுவிட்டார். அந்த அமைதியில் விமானம் எங்கள் தலைக்கு மேல் சக்கரத்தை நீட்டிக்கொண்டு போனது. பிறகுதான் கூச்சல் கிளம்பியது. "அம்மன் குத்தமாயிட்டு! இந்த வருசம் என்னெல்லாம் காணப்போறோமோ!" கேட்டவர்களிடமெல்லாம் டீசல் தீர்ந்துவிட்டது என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

மாவிளக்கு வெளிச்சத்தில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏலே, இப்பம் போனது நம்ம பிள்ளையா?" என்றாள். எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லிவைத்தேன். பேச்சி அன்றைக்கு நாக்பூரில் இருந்தாளாம், மறுநாள்தான் போனில் சொன்னாள். அதனால் என்ன? போனது யார் வீட்டுப் பிள்ளையோ.

கமிட்டி என்னைத் தள்ளிவைத்துவிட்டது. வருகிற கொடைக்கு ஜெனரேட்டர் வேறு ஆளுடையதாம். இரண்டு லேசர் வைக்கப்போவதாக இசக்கிமுத்து தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்தக் கொடையன்று பேச்சி எந்த நேரத்துக்கு, எந்த விமானத்தில் இறங்குவாள் என்று இப்போது அவளுக்கே தெரியாது. நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நிறுத்துவதற்கு இனி என் கையில் ஒன்றும் இல்லை. அதனால் உங்களுக்கு வாக்குத் தருகிறேன், அத்தான். கொடைக்கு வரி பிரிக்கக் கூடும் முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, பேச்சியின் கண்ணில் பச்சை அடித்த கதையை எல்லோர் முன்னாலும் சொல்லுவேன். அக்காவையும் கூட்டிப் போய் முன்வரிசையில் உட்கார வைத்துத்தான் சொல்லுவேன். அவள் அழுவாள், என்னை ஏசுவாள். அழட்டும். மேலே யார் இருக்கிறார்கள் என்று பெற்றவளைப் பார்த்து இசக்கிமுத்து கேட்கட்டும்.

உங்கள் பிள்ளைக்குத் தாய்மாமன்,
சுடலைமுத்து