வெள்ளை எழுத்துக் குடை

1929 ஜூலை 9, பவானிபூர், கல்கத்தா

ஆபீஸில் மறுபடியும் குடை மாறிவிட்டது. அத்தனை குமாஸ்தாவுக்கும் ஒரே மாதிரிக் கறுப்புக் குடை. குடைமேல் வெள்ளைப் பெயிண்டில் ‘மஹாதேவன்’ என்று என் பெயரை இங்கிலீஷில் பெரிதாக எழுதினேன். “கடைப் பலகை மாதிரி இருக்கு” என்றாள் மனைவி ஜகதாம்பாள்.

ஜூலை 13

வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவனை யாரோ ஒரு பையன் சுட்டுவிட்டானாம். டிராம் முழுக்க அதே குசுகுசு. இறங்கியதும் சந்தோஷத்தில் இரண்டு சந்தேஷ் மிட்டாய் வாங்கித் தின்றேன். பூஜை அலமாரியில், பிள்ளையாருக்குப் பின்னால், துரை ஒருவனைச் சுட்டதற்காக எப்போதோ தூக்கில் போட்ட ஒரு பையனின் படத்தை ஒளித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பூ வைத்தேன். என் தேச சேவை இவ்வளவு.

காலேஜில் சேர்ந்ததிலிருந்து மகள் பாகீரதி கார்ல் மார்க்ஸ் படிக்கிறாள்.

“ஒரு துரை போனா அடுத்த கப்பல்ல இன்னொருத்தன் வருவான்பா. நாற்காலி அப்படியே இருக்கும். ஒருத்தன் சுட்டா மத்தவா எல்லாரும் வேடிக்கை பாக்கறவா ஆயிடறா. மில் நின்னா வேடிக்கை பாக்க ஆளே இருக்கப்படாது.”

“நான் கூடவா?”

“நீங்களும் கூலிதானே.”

சிரித்தேன்.

ஜூலை 30

சணல் மில்லில் வேலைநிறுத்தம். எங்கள் கம்பெனியின் மில்.

ஆகஸ்ட் 2

மில் கூலிகள் குடியிருக்கும் லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் எழுத, நாளை சில குமாஸ்தாக்கள் கம்பெனியின் லாஞ்சில், ஆற்றுவழியாக மில்லுக்குப் போகவேண்டும். நானும் உண்டு.

“போகாதேங்கோப்பா” என்றாள் பாகீரதி.

ஆகஸ்ட் 3

போனேன்.

மில் வாசலில் பெண்கள் கூட்டம். நடுவே பாகீரதி. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு நுழைந்தேன். என்ன சாமர்த்தியம்! நாள் முழுதும் நோட்டீஸ் எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறதென்றார் துரை.

சாயங்காலம் சாதம் போட்டுக்கொண்டே பாகீரதி சொன்னாள்: “பக்கத்துல நின்னவளுக்குப் படிக்கத் தெரியாது. குடையில என்ன எழுதியிருக்குன்னு கேட்டா. படிச்சுக் காட்டினேன். யாருன்னு கேட்டா. எங்கப்பான்னேன்.”

மோர் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 4

பூ வைக்கப் போனேன். கை வரவில்லை. துப்பாக்கி எடுத்தவன் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை — அதனால்தான் அவனை எனக்கு அவ்வளவு பிடித்ததோ?

ஆகஸ்ட் 5

மழை. இன்றும் லாஞ்ச் உண்டு. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினேன்.

“வேலைநிறுத்தம்னு சொல்லப்படாதோ?” என்றாள் ஜகதாம்பாள்.

அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பாகீரதி மூலையிலிருந்த என் குடையை எடுத்து விரித்துக்கொண்டு மில்லுக்குப் புறப்பட்டாள். ஜன்னலில் நின்றேன். தெருமுனை திரும்பும்வரை என் பெயர் தெரிந்தது.