ரோமிங்கை நிறுத்திய கை

நஞ்சம்மாளுக்கு,

டாக்காவுக்கு என்னை விமானம் ஏற்றும்போது, என்னைக் கேட்காமல் நம் மகன் மகுடேஸ்வரன் என் போனில் ரோமிங்கை நிறுத்தியது தவறு. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அக்கா போய்விட்ட செய்தியை ஞாயிறன்று கம்பெனி வைஃபையில்தான் பார்த்தேன். பிறந்த வீட்டுக் கோடித் துணியை உடல் மேல் யார் போடுவது என்று என்னைக் கேட்க உடலை வைத்துக் காத்திருந்தார்களாம். “மாமன் வேணும்னே போன எடுக்குலீங்க” என்று அவள் மகன் எல்லோரிடமும் சொன்னபோது மகுடேஸ்வரன் வாய் திறக்கவில்லையாம். ரோமிங்கை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், “பில்லு ஏறிருமுங்கப்பா” என்கிறான்.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவான். அதனால் ஊருக்கு வரும் கம்பெனி ஆள் அந்தோணிராஜிடம் எழுதிக் கொடுக்கிறேன். இங்கே அக்காவைத் தெரிந்தவர் யாருமில்லை.

கருமாதியன்று மகுடேஸ்வரன் உறவினர் முன்னால் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். அக்கா மகன் என் அழைப்பை எடுக்க வேண்டும். நான் வீடியோவில் அக்காவைக் கும்பிட, நீ போனை அக்கா படத்துக்கு முன்னால் பிடிக்க வேண்டும்.

சுப்பண்ணன்