முதுகு கேட்காத கதவு

இன்று காலை பட்டறை முற்றத்தில் ஒரு பழைய ஷட்டரைக் கொண்டுவந்து போட்டார்கள். ஜங்லிகாட் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கடையின் கதவு. முந்தாநாள் காற்றில் இரு பக்கச் சேனலிலிருந்தும் பிதுங்கி, உதறிப் போட்ட பாய் மாதிரி கிடந்தது. வெளிப்பக்கம் முழுக்க உப்புத் துரு. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து தோள் உயரம் வரை பச்சை பெயின்ட் போய், வெறும் தகடு மழமழவென்று மின்னியது. பல வருஷக் காற்றுகளில் பல பேர் முதுகு கொடுத்துத் தேய்த்த இடம்.

உடனே உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. எனக்கு இப்படியெல்லாம் தோன்றாது என்பது உனக்குத் தெரியும். செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் நம்புகிறவள் அல்ல. ஆனாலும் முந்தாநாள் உன்னைப் பற்றி ஊருக்கு நடுவில் ஒன்று சொல்லிவிட்டேன். அதை உன்னிடமும் சொல்லிவிடுவதுதான் முறை.

கடல் தாண்டி மெயின்லேண்டில் நாம் பொறியியல் படித்தபோது விடுதிப் பெண்களிடம் நீ முதுகு கொடுக்கும் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பாய். பெருங்காற்று வந்தால் ஒரு கடைக்காரர் சந்துக்குள் குரல் கொடுப்பார். உடனே தெருவே ஓடும். பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நாம், எல்லோரும் ஷட்டருக்கு உள்பக்கம் வரிசையாக நின்று, முதுகைத் தகட்டில் சாய்த்து, காலை அரிசி மூட்டையில் உதைத்துக்கொண்டு, காற்று அடங்கும்வரை நிற்பார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள். முதுகு கொடுக்கப் போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். "எங்கப்பா மேல உள்ள கோவத்துல பேசாம இருந்த ஆளு கூட காத்தடிச்சா வந்து பக்கத்துல நிப்பான்டீ. நின்னுட்டு, காத்து நின்னதும் மறுபடி பேச மாட்டான்" என்பாய். அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. என் மாமா ஒருவர் அப்படி நின்று கை விரல்களை இழந்தவர்.

பிறகு நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டேன். நீ ஊருக்குத் திரும்பி ஷட்டர் பட்டறை போட்டாய். ஒருநாள் போனில், "ஏ ஷக்கி, போர்டுல கதவு வரைஞ்சது போதும். இங்க வந்து காத்துக்குத் தாங்குற மாதிரி ஒண்ணு போடு பாப்போம்" என்றாய். ஷக்கி என்பது எதையும் சந்தேகப்படுகிறவளுக்கு இந்தியில் உள்ள பெயர். முதல் வருஷம் வகுப்பில் பேராசிரியரின் கணக்கை நான் மறுத்த அன்று எனக்கு நீ வைத்தது. மற்ற எல்லோரும் மறந்துபோனார்கள், நீ விடவில்லை.

திரும்பி வந்தேன். வந்த பிறகு நாம் செய்தது ஒரே ஒரு வேலைதான், அதையே பதினாறு விதமாகச் செய்தோம் என்று நீ கேலி செய்வாய். சாதாரண ஷட்டர் காற்றில் ஒடிந்து போவதில்லை. காற்று தள்ளும்போது நடுப்பகுதி உள்ளே வளைகிறது. வளைய வளைய இரண்டு ஓரங்களும் சேனலை விட்டு உள்நோக்கி நகர்கின்றன. விரலளவு நகர்ந்தால் போதும், கதவின் தகட்டுப் பட்டைகள் வெளியே வந்துவிடும். கதவு போன பிறகு காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். கடையை இழந்தவர்கள் கூரை போனதைத்தான் சொல்வார்கள். அதற்கு முன் கதவு போனதைச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ஒரு கொக்கி வைத்தோம். கதவு வளையும்போது அது சேனலுக்குள் இருக்கும் தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கதவு எவ்வளவு தொய்ந்தாலும் கழன்று வராது. ஆனால் காற்றின் இழுப்பு முழுவதும் பக்கச் சுவருக்குப் போகும். அதை வாடிக்கையாளருக்கு என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. நீதான் சொல்வாய்: "ஊஞ்சல் மாதிரி நெனச்சுக்குங்க. பலக நல்லா இருந்து என்ன, உத்தரம் உளுத்துப்போயிருந்தா ஆடுறவன் கீழதான்."

முதல் கதவைச் சோதித்தது நினைவிருக்கிறதா? முற்றத்தில் இரண்டு கான்கிரீட் திட்டுகளுக்கு நடுவில் கதவைப் படுக்கப் போட்டு, அதன் மேல் மூட்டை அடுக்கினோம். இந்தத் தீவில் மணல் அள்ளத் தடை, அதனால் கல் குவாரித் தூளை நிரப்பினோம். கதவு தொட்டில் மாதிரி தொய்ந்தது. கொக்கி ஒன்றும் கழலவில்லை. நான் இன்னும் இரண்டு வரிசை ஏற்றச் சொன்னேன். நீ மூட்டைகளின் மேல் ஏறி, கையைத் தலைக்குக் கீழே வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டாய்.

"இறங்கு. விழுந்தா இடுப்பு போயிடும்."

"நீ போட்ட கணக்குதானே? உனக்கே பரோசா இல்லியா?"

"எனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது."

"தெரியும். அதான் நான் படுத்திருக்கேன். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து."

அண்ணாச்சியின் அரிசிக் குடோனுக்கு நாம் போட்டது அதே கதவுதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். வரைபடத்தில் வாசலின் இரு பக்கமும் கான்கிரீட் தூண் என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். கதவைப் பொருத்திய வாரம் நான் தகடு எடுக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். நீ நின்று மாட்டினாய். போனில் கேட்டேன். "பக்கா" என்றாய். உன் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. இப்போது யோசித்தாலும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்தக் காற்று வந்தது. பட்டப்பகலில். நான் கார் நிக்கோபாரில் ஒரு பண்டகசாலைக் கதவுக்கு அளவெடுக்கப் போய், கப்பல் ரத்தாகி அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தேன். போன் வேலை செய்யத் தொடங்கியபோது முதலில் வந்த செய்தி நீ இல்லை என்பதுதான்.

உன் வீட்டில் அண்ணாச்சி அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னார்: "நாங்க முதுகு குடுத்துட்டு நின்னோம். இந்தக் கதவுக்கு முதுகு தேவையில்ல, வெளிய போங்கன்னு சத்தம் போட்டு எங்களத் தள்ளுச்சு அந்தப் புள்ள. நாங்க வெளிய வந்துட்டோம். அது வாரதுக்குள்ள செவுரு சாஞ்சிட்டு." ஊர் அந்தக் கதையை எடுத்துக்கொண்டது. எனக்கும் அது வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததாலேயே நம்ப முடியவில்லை.

குடோனைப் போய்ப் பார்த்தேன். கதவு கிழியவில்லை. கொக்கிகள் எல்லாம் தண்டைப் பிடித்தபடியே இருந்தன. வலப்பக்கத் தூண் அசையவில்லை. இடப்பக்கம் தூணே இல்லை. கொத்தனார் உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, மேலே தூண் மாதிரிப் பூசியிருந்தார். நமது கதவு இழுத்த இழுப்பில் சேனலோடு அந்தச் சுவர் அப்படியே உள்ளே விழுந்திருந்தது. உடைந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். போல்ட் போன இடங்களில் மட்டும் கல்லின் பொந்துக்குள் சிமென்ட் கலவை திணித்திருந்தது. சுவர்க் கலவையை விடப் புதியது, நிறம் வேறு. துளை போடும்போது டிரில் பொக்கென்று உள்ளே இறங்கியிருக்கும். நின்று மாட்டியவள் நீ. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, கலவையைத் திணித்து, என்னிடம் பக்கா என்றிருக்கிறாய்.

சில மாதங்கள் கழித்து அண்ணாச்சியின் மனைவி பட்டறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அவரு சொல்றது பாதிதான்மா. எங்கள வெளிய போகச் சொன்னா, அது நெசம். ஆனா அவ வரல. நேரா அந்த இடது பக்கம் போயி, செவத்தோரமா முதுகக் குடுத்து நின்னுட்டா. ஏட்டி வாட்டின்னு கூப்பிட்டேன். 'ரெண்டு மினிட்டுக்கா, செட்டில் ஆயிடும்'னா. சிரிச்சா வேற."

அன்றிலிருந்து உன் மேல் எனக்கு இருந்தது துக்கம் என்று சொல்ல மாட்டேன். கோபம். கணக்குத் தெரிந்தவள் நீ. அந்தச் சுவரை இழுத்துக்கொண்டிருந்த விசைக்கு எதிராக ஒரு பெண்ணின் முதுகு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. முதல் வருஷ மாணவி போட்டு முடிக்கும் கணக்கு. படிப்பில்லாதவர்கள் நின்றால் வழக்கம் என்று விடலாம். நீ எதை நம்பி நின்றாய்? கதவை நம்பியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சுவரை நம்பாவிட்டால் இன்னும் வேகமாக வந்திருக்கலாம். இரண்டு வழியிலும் கணக்கு உன்னை வெளியேதான் தள்ளுகிறது.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை. குடோனைத் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை இரு பக்கமும் கம்பி கட்டுவதையும் கான்கிரீட் கொட்டுவதையும் நானே நின்று பார்த்தேன். அதே கதவுதான். ஒரு கொக்கியைக்கூட மாற்றவில்லை.

ஆனால் நீ செத்ததில் ஊர் கற்றுக்கொண்டது நேர்மாறாக இருந்தது. முன்பெல்லாம் கூப்பிட்டால்தான் முதுகு கொடுக்க வருவார்கள். இப்போது அண்ணாச்சி குடோனுக்குக் கூப்பிடாமலே வருகிறார்கள். அந்தப் பிள்ளை நின்று உயிர் கொடுத்த கதவு என்கிறார்கள். அண்ணாச்சி சொன்ன கதையும் அவர் மனைவி சொன்ன கதையும் சந்தில் கலந்து, நீ ஊருக்காகக் கதவைத் தாங்கி நின்றதாக ஆகிவிட்டது.

முந்தாநாள் வங்கக் கடலில் மறுபடி புயல் சின்னம். படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். அக்கரைக்குப் போகும் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியும் நின்றுவிட்டது. காலையிலேயே அண்ணாச்சியின் மனைவி போன் செய்தார்: "வந்துட்டாங்கம்மா எல்லாரும். நீ வந்து சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனேன். எட்டுப் பத்துப் பேர், ஏற்கெனவே முதுகைச் சாய்த்து நின்றிருந்தார்கள். கதவு லேசாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வெளிய வாங்க. இதுக்கு ஆள் வேண்டாம்" என்றேன்.

ஓர் ஆட்டோக்காரர் சிரித்தார். "மேடம், ஊர்ல பசங்க காசு குடுத்து ஜிம்முக்குப் போறானுங்க. நமக்கு இங்க முஃப்த்."

"விழுந்தா?"

"விழுந்தா எல்லாரும் சேந்து விழுவோம். தனியா, அகேலா போறதுக்கு இது நல்லதுதானே?"

அண்ணாச்சி நடுவில் நின்றிருந்தார். வயதாகிவிட்டது. "எம்மா, நீ படிச்சவ, உனக்குத் தெரியும். ஆனா அந்தப் புள்ள நின்ன எடம் இது. அது நின்னுச்சு, நாங்க வெளிய நின்னு வேடிக்க பாக்கணுமா?"

வேறு எதைச் சொன்னாலும் அவர்கள் நகர்ந்திருக்க மாட்டார்கள். அதனால் சொன்னேன்.

"அவ உங்களுக்காக நிக்கல. அந்தச் செவுரு பொந்துன்னு அவளுக்குத் தெரியும். மாட்டும்போதே தெரியும். தெரிஞ்சும் மாட்டிட்டா. என்கிட்டயும் மறைச்சா. அதான் அந்த எடத்துல போயி நின்னா. இப்ப அங்க கான்கிரீட் இருக்கு. மறைக்க ஒண்ணும் இல்ல. நிக்கவும் வேண்டாம்."

ஆட்டோக்காரர் முதலில் முதுகை எடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக அண்ணாச்சி, என்னைக் கடக்கும்போது, "செத்த புள்ளையப் போயி..." என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அந்தக் குடும்பத்தில் இனி உன்னை எப்படி நினைப்பார்களோ தெரியாது. உன் நல்ல பெயரைக் கொடுத்துத்தான் அவர்களை வெளியே எடுக்க முடிந்தது. வேறு விலைக்கு அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். இதற்காக உன்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

சின்னக் கதவைப் பூட்டிவிட்டு, எல்லோரும் எதிரே இருந்த மருந்துக்கடையின் கான்கிரீட் வராந்தாவில் ஒதுங்கினோம். அங்கிருந்து குடோன் கதவு நேராகத் தெரிந்தது. காற்று ஏறியது. கதவு உள்ளே வளைந்தது. நான் வரைந்த வளைவைவிட அதிகமாக வளைந்ததுபோல் இருந்தது. கொக்கிகள் தண்டில் உட்காரும் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது, சங்கிலியைத் தரையில் இழுப்பதுபோல. உள்ளே யாரும் இல்லை. தூண் கான்கிரீட். கம்பி நான் பார்த்தது. கணக்கு நான் போட்டது. பயப்பட ஒரு காரணமும் இல்லை என்று தெரிந்தது.

பெரிய வீச்சு ஒன்று வந்தது. கதவு குழிந்து, அப்படியே நின்று, மெல்லத் திரும்பியது. யாரோ "ராம் ராம்" என்றார்கள். அண்ணாச்சியின் மனைவி என் தோளைத் தொட்டார்.

"எம்மா, நீ ஏன் இப்படி நிக்க?"

அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு காலும் வராந்தாவின் விளிம்புத் திட்டை உதைத்துக்கொண்டிருந்தன. முதுகு பின்னால் இருந்த மருந்துக்கடைச் சுவரில் முழு பலத்தோடு அழுந்தியிருந்தது. கதவுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு தெருவே இருந்தது. அந்தச் சுவர் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. முதுகை எடுக்கப் பார்த்தேன். அடுத்த வீச்சு வருவது தெரிந்தது. எடுக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம்க்கா" என்றேன்.